ருசி வேண்டும், கை வேண்டாம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நூம்பல் வீட்டில் ஃப்ரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும் செய்தேன். அம்மா முதலில் "எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்றார். பிறகு "கொஞ்சம் போல வை" என்றார். அதற்கும் பிறகு இரண்டாம் முறை தட்டை நீட்டினார். எழுந்திருக்கும்போது ஒரு பாராட்டும் வந்தது. அம்மாவுக்கு நாகர்கோவில் பக்கம். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை.

"கடையில உள்ளத விட நல்லா இருக்கு மக்களே. அதுக்கு மேல சுத்தம். அவனுவ கை படல்ல பாத்துக்கோ."

பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் சமைத்து என் அம்மா இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதுதான் கடைசி வாக்கியம் உறுத்தியது. அவனுவ கை படல்ல. யாருடைய கை? நம் ஊரில் சாப்பாட்டில் யார் கை பட்டது, யார் கை படவில்லை என்ற பேச்சுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் சீனச்சட்டி. தெற்கே கடாயை அப்படித்தான் சொல்வார்கள். சட்டியிலேயே சீனா இருக்கிறது. அதில் சமைத்த சைனீஸைச் சாப்பிட்டுவிட்டு, அந்நியர் கை படவில்லை என்று சந்தோஷப்படுகிறோம்.

இந்தக் கட்டுரை வீட்டில் சைனீஸ் சமைப்பதற்கு எதிரானது இல்லை. நானே வாராவாரம் சமைக்கிறேன், இனியும் சமைப்பேன். என் சண்டை, அப்படிச் சமைப்பதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தோடுதான். "வீட்டுலயே செஞ்சா சுத்தம்." ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற இந்த வாக்கியத்துக்குள் ஒரு அழுக்கு இருக்கிறது. ருசி வேண்டும், அதைச் செய்த கை வேண்டாம் என்பதுதான் அது.

*

முதலில் என் அழுக்கு.

எங்கள் தெருவிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தால் வேலப்பன்சாவடி. பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, அவற்றைச் சுற்றி விடுதிகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தள்ளுவண்டிகளில் அடுப்பு பற்றும். ஒரு வண்டியின் மாஸ்டர் கலிம்போங்கிலிருந்து வந்தவர். முப்பது வயதுக்குள் இருக்கும். "அண்ணா, எக்கா, சிக்கனா?", "காரம் தூக்கலா?" என்கிற அளவுக்குத் தமிழ் பேசுவார். எல்லோரும் அவரை 'சைனா மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும்தான். ஒரு வருடம் அவரிடம் வாரம் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை.

ஒருநாள் என் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏழு வயது. எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு நேராக அவரிடமே கேட்டான்: "நீங்க சைனாவா?"

அவர் சிரித்துக்கொண்டே, "இல்ல தம்பி, இந்தியா" என்றார்.

பக்கத்தில் தட்டோடு நின்றிருந்த ஒருவர், "இந்தியான்னா ஆதார் காட்டு மாஸ்டர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன், "ஏம்ப்பா அவர்கிட்ட மட்டும் ஆதார் கேட்டாங்க?" என்றான். சும்மா ஜோக்குடா என்றேன். அடுத்த வாரம் அந்த வண்டிக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. சோயா சாஸ், வினிகர், கார்ன்ஃப்ளவர் எல்லாம் வாங்கிவந்து யூட்யூப் பார்த்து வீட்டிலேயே ஆரம்பித்தேன். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "வெளிய சுத்தமா இருக்காது" என்றேன். பொய். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்தை அவருடைய சுத்தக்குறைவாக மாற்றிவிட்டேன். பெரிய பெரிய விஷயங்களும் இதே முறையில்தான் நடந்திருக்கின்றன என்பது பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது.

*

சுத்தம் பேசுகிறவர்கள் முதலில் தூக்கும் ஆயுதம் அஜினமோட்டோ. "அதைப் போடாம செஞ்சேன்" என்று சொல்லாத வீட்டுச் சைனீஸ் வீடியோவை நான் பார்த்ததில்லை. எனவே அதிலிருந்து தொடங்குவோம்.

அஜினமோட்டோ சீனச் சரக்கே இல்லை. 1908இல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசியில் காய்ச்சிய சாற்றுக்கு அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறுவருடமே அது உப்பாகக் கடைக்கு வந்தது. அந்த வணிகப் பெயர்தான் அஜினமோட்டோ. குளூட்டமேட் என்பது ஓர் அமினோ அமிலம். பழுத்த தக்காளியில் இருக்கிறது, சீஸில் இருக்கிறது, தாய்ப்பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு இருக்கிறது. தக்காளி ரசத்தில் இருந்து வந்தாலும் வெள்ளைப் பொட்டலத்தில் இருந்து வந்தாலும் உடம்புக்கு அது ஒரே மூலக்கூறு.

அது விஷமானது எப்போது? 1968 ஏப்ரலில், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ராபர்ட் ஹோ மன் குவோக் என்ற மருத்துவரின் கடிதம் வந்தது. சீன உணவகங்களில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டிருந்தார். சோயா சாஸாக இருக்கலாம், சமையல் ஒயினாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், எம்எஸ்ஜியாகவும் இருக்கலாம் என்று சந்தேகங்களை அடுக்கியிருந்தார். அது ஒரு கேள்வி. ஆனால் கடிதத்தின் தலையில் ஏறிய பெயர் 'சைனீஸ் ரெஸ்டாரன்ட் சிண்ட்ரோம்'. ஒரு சமூகத்தின் சமையலறையே நோயின் பெயரானது. அதே அமெரிக்கர்கள் பாக்கெட் சூப்பிலும் சிப்ஸிலும் அதே எம்எஸ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு நோயும் வரவில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்றைக்கும் அதை உப்பு, பேக்கிங் பவுடர் இருக்கும் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அந்த நிர்வாகம் கேட்டு 1995இல் வந்த ஆய்வறிக்கை, சாப்பாடு இல்லாமல் தனியாக 3 கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தலைவலி மாதிரி சின்னத் தொந்தரவுகள் சிறிது நேரம் வரலாம் என்றது. ஒரு வேளை உணவில் பொதுவாக இருப்பது அரை கிராமுக்கும் குறைவு. சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது சோயா சாஸ் பாட்டிலுக்கு.

உங்கள் வீட்டில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 621, 627, 631 என்ற எண்களில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். முதல் எண்தான் அஜினமோட்டோ. மற்ற இரண்டும் அதன் கூட்டாளிகள். பளபளக்கும் பாக்கெட்டில் எண்ணாக வந்தால் ஸ்நாக்ஸ். தள்ளுவண்டியில் ஒருவர் ஸ்பூனில் எடுத்துப் போட்டால் விஷம். வித்தியாசம் பொருளில் இல்லை, ஸ்பூனைப் பிடித்திருக்கும் விரல்களில் இருக்கிறது.

இதனால் வண்டிக்கடை எல்லாம் சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிஜமான ஆபத்துகள் உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. காரணம் ரோடமின் பி, துணிக்குப் போடும் சாயம். அடுத்த மாதம் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. இரண்டும் சரியான முடிவுகள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயும் ஆபத்துதான். அதில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே விதி போட்டுவிட்டது. ஆனால் பஞ்சுமிட்டாய்ச் சாயத்துக்காக யாரும் பஞ்சுமிட்டாய்க்காரரின் ஊரைத் திட்டவில்லை. பஜ்ஜி எண்ணெய் கறுத்தால் "இந்தக் கடை சரியில்ல" என்கிறோம். நூடுல்ஸ் வண்டி எண்ணெய் கறுத்தால் "இவனுங்களே இப்படித்தான்" என்கிறோம். முதலாவது சுகாதாரம். இரண்டாவது வேறு ஏதோ.

*

அம்மா தலைமுறையைத் திட்டுவது சுலபம். இப்போது நம் தலைமுறைக்கு வருகிறேன்.

நம் ஆட்கள் அஜினமோட்டோவுக்குப் பயப்பட மாட்டார்கள். அவர்களுடைய ஆயுதம் வேறு. "ப்ரோ, இது சைனீஸே இல்ல. சைனாவுல கோபி மஞ்சூரியன்னா என்னன்னே தெரியாது." ஒரு கொரியன் சீரிஸ், நாலு ராமென் வீடியோ, பாங்காக்குக்கு ஒரு டிக்கெட். அதன்பிறகு தெருமுனை நூடுல்ஸைப் பார்த்தால் ஒரு புன்னகை. இதற்கு அசல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சுத்தம் என்ற பழைய சொல்லின் இன்ஸ்டாகிராம் வடிவம் அது.

சரி, யார் செய்தது இந்தப் 'போலி'யை? கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் சமைத்துக்கொண்டிருந்தபோது, இஞ்சி பூண்டு பச்சைமிளகாயை வதக்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றி, கார்ன்ஃப்ளவர் கரைத்து விட்டார். அதுதான் சிக்கன் மஞ்சூரியன் என்பது அவரே சொல்லிவந்த கதை. கோழியின் இடத்தில் பிறகு காலிஃப்ளவர் வந்தது. இந்தியாவில் பிறந்தவர், இந்திய நாக்குகளுக்காக, இந்தியச் சந்தையில் கிடைத்ததை வைத்துச் செய்தது. இது சைனீஸ் இல்லை என்கிறீர்கள், சரி. அப்படியானால் இது இந்திய உணவு. அதைச் செய்தவர் இந்தியர். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல ஏன் நாக்கு வரமாட்டேன் என்கிறது?

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் பாக்கெட்டில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று போட்டிருக்கும். ஹக்கா என்பது சமையல் முறையின் பெயர் இல்லை. அது ஒரு மக்களின் பெயர். அந்தச் சொல்லுக்கு 'விருந்தினர் குடும்பம்' என்று பொருள். வடக்கிலிருந்து தென்சீனத்துக்கு இடம்பெயர்ந்தவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் அது. தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவர் என்பதுதான். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிற மொழி நம்முடையது. விருந்தாளி என்று அச்சடித்த பாக்கெட்டைத்தான் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறோம்.

ஹக்காக்கள் கொல்கத்தாவில் டாங்ரா என்ற சதுப்புப் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் போட்டார்கள். ஏன் தோல்? சாதி இந்துக்கள் தொடமாட்டேன் என்று விட்டுவைத்த தொழில் அது. கை படக் கூடாத பொருளுக்குக் கை கொடுத்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னபோது, பல கொட்டகைகள் உணவகங்களாக மாறின. நாம் கை படாத சைனீஸ் சமைத்துப் பெருமைப்படும் பதார்த்தங்களில் பாதிக்கு, இந்தத் தோல் தொழிற்சாலைச் சமூகத்தின் அடுப்புதான் பள்ளிக்கூடம்.

*

அவர்கள் ஏன் இன்று நம் கண்ணில் படுவதில்லை என்று எப்போதாவது யோசித்தோமா?

1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர். ஒரு மாதம். அந்த மாதத்தில் அவசரமாகப் பிறப்பித்த சட்டங்களின் கீழ், அசாமிலும் வங்காளத்திலும் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரைப் பிடித்து, ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் பாலைநிலத்தில் இருக்கும் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த அதே முகாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள். பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். சிலருக்கு அம்மா இந்தியர். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. முகாமிலிருந்து கடைசியாக வெளியே வந்தவர்களுக்குச் சுமார் நாலரை ஆண்டு ஆனது. வந்து பார்த்தால் வீடு இல்லை, கடை ஏலத்தில் போயிருந்தது. பலரைக் கப்பலேற்றி, அவர்கள் பார்த்தேயிராத சீனாவுக்கு அனுப்பினார்கள். மிச்சம் பேரில் நிறையப் பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். டொராண்டோவில் இன்று நல்ல சில்லி சிக்கன் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த முகாமில் பிறந்த ஜாய் மா, திலீப் டிசோசாவோடு சேர்ந்து 2020இல் 'தேவ்லிவாலாக்கள்' பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பே அசாமியில் ரீட்டா சௌத்ரி 'மாகாம்' என்று நாவல் எழுதிவிட்டார். இதைப் படிக்கும் வரை தேவ்லி என்ற பெயரே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடப் பள்ளி, நாலு வருட இன்ஜினீயரிங், எங்கேயும் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்ததற்காக அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. இது எனக்குத் தெரிந்திருந்தது. நம்முடையது தெரியவில்லை.

"அது வடக்கே நடந்தது, நமக்கென்ன" என்று ஒரு குரல் வரும். வரட்டும். அதே 1962இல், மார்ச் மாதம், பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமயமாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் 'வெளியாட்கள்' என்று வெறுங்கையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ருசிதான் பாரிமுனை பர்மா பஜார் பக்கம் மாலையில் விற்கும் அத்தோ. அதுவும் நூடுல்ஸ்தான். அதை ஒரு தட்டு வாங்கி, கூடவே வாழைத்தண்டு சூப்பைக் குடிக்கும்போது, நம்மில் யாராவது ஒருவர் பர்மா அகதிகளின் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்ல வேண்டிய கதைதான். ஒரே ஆண்டு. ஒரு நாடு தமிழனை வெளியாள் என்றது. இன்னொரு நாடு, நம் நாடு, ஹக்காவை வெளியாள் என்றது. ஒரு நூடுல்ஸுக்குக் கண்ணீர் வருகிறது. இன்னொரு நூடுல்ஸுக்குச் சாஸ் மட்டும் வருகிறது.

தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடினாலும் கிடைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி நடுவட்டத்தின் சின்கோனா தோட்டங்களுக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சிலர் விடுதலையான பிறகு அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்து, காய்கறி பயிரிட்டுக் குடும்பம் நடத்தினார்கள். எட்கர் தர்ஸ்டன் இவர்களைப் பதிவு செய்திருக்கிறார். சென்னையில் பார்க் டவுன் பக்கம் ஹூபே மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சீனப் பல் மருத்துவர்களின் சின்னச் சின்னக் கிளினிக்குகள் இருந்தன. நம் தாத்தாக்கள் பல பேருக்குப் பல்செட் கட்டிக்கொடுத்தது அவர்கள்தான். நம் வாயைத் திறந்து கைவிட அனுமதித்த சீனர்கள். வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நூடுல்ஸ் வண்டியைச் சுற்றி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

*

பழங்கதை என்று முடித்துவிடலாம் என்றால், விடமாட்டேன் என்கிறது நாட்டு நடப்பு.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் மோதியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அந்த வாரம் நம் வாட்ஸாப் முழுக்கச் சீனத் தமிழ் உறவு. குவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சிவன் கோயில், சோழர் தூதர்கள். எனக்கும் பெருமைதான், நானும் ஃபார்வர்ட் செய்தேன். எட்டே மாதத்தில், 2020 ஜூனில், கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். சில நாட்களில் ஒன்றிய இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே, சீன உணவு விற்கும் உணவகங்களை மூட வேண்டும், சீன உணவைப் புறக்கணிக்க வேண்டும் என்றார். இணையம் சிரித்தது. கோபி மஞ்சூரியன் எப்படிச் சைனா ஆகும் என்று மீம் போட்டது. மீமில் அமைச்சருக்குப் பூகோளம் தெரியவில்லை என்பது மட்டும்தான் இருந்தது. அந்த உணவகங்களில் நிற்கிற டார்ஜிலிங், மணிப்பூர், நேபாள முகங்களுக்கு அன்றைக்கு என்ன ஆனது என்பது இல்லை. 2012 ஆகஸ்டில் வதந்திக் குறுஞ்செய்திகளுக்குப் பயந்து வடகிழக்கு இளைஞர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரயில் ரயிலாக ஊர் திரும்பினார்களே, அவர்களுக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

"ஏன்பா, ஒரு ப்ளேட் நூடுல்ஸுக்கு இவ்வளவு பாரமா? நிம்மதியா சாப்பிட விடுய்யா." என் நண்பர்கள் சொன்னதுதான் இது. பாரத்தை நான் ஏற்றவில்லை. அது தட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் தூக்காததால் வண்டிக்குப் பின்னால் நிற்பவர் தூக்கிக்கொண்டிருக்கிறார். "ஆதார் காட்டு" என்ற ஜோக்குக்கு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதுதான் அந்தப் பாரம்.

*

அப்படியானால் வீட்டில் சமைப்பது? தாராளமாகச் சமையுங்கள். ஒழுங்காகச் சமைத்தால் அதுவே பாடம் எடுக்கும்.

முதல் இரண்டு வாரம் என் ஃப்ரைட் ரைஸ் தக்காளிச் சாதம் மாதிரி குழைந்தது. நாலு பேருக்கும் ஒரே தடவையில் போட்டேன். வீட்டு அடுப்பின் தீ அதற்குப் போதாது. மொத்தச் சோறும் விழுந்தவுடன் சட்டியின் சூடு இறங்கும், முட்டைக்கோஸ் தண்ணீர் விடும், அந்த ஆவியில் எல்லாம் வேகும். வறுபடாது. சோறு காலையிலேயே வடித்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். சட்டி புகைய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் விட்டால் அது சீறி, வாசம் ஏறும். இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்குள் செய்து, இறக்கி, அடுத்த தட்டுக்குச் சட்டியைத் துடைக்க வேண்டும்.

நாலு தட்டு போடுவதற்குள் என் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. சமைப்பவன் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாத சாப்பாடு இது. கடைசியாக, ஆறிப்போனதை, நின்றுகொண்டே சாப்பிட்டேன். நாலு தட்டுக்கே இப்படி. சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி பதினொன்று வரை, நெடுஞ்சாலைப் புழுதியில், நூறு தட்டு போடுகிறவரின் கையை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். வீட்டில் சமைப்பதால் கிடைக்கக்கூடிய உருப்படியான ஒன்று இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கையை அகற்றுவதற்காகச் சமைத்தால் நீங்கள் ருசியைத் திருடுகிறீர்கள். அந்தக் கையின் வேலையைத் தெரிந்துகொள்வதற்காகச் சமைத்தால் ஒரு கடனை ஒப்புக்கொள்கிறீர்கள்.

அம்மாவிடம் தேவ்லி பற்றிச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன். அஜினமோட்டோ விஷயத்தில் அவர் ஒரு அங்குலமும் நகரவில்லை. "நீ என்ன படிச்சாலும் எனக்கு அது வேண்டாம்" என்றார். அது அவர் உரிமை. ஆனால் எழுந்து போகும்போது திரும்பி, "அந்த வண்டிக்காரப் பையனுக்கு வீடு எங்க மக்களே? யாரு சமைச்சுப் போடுவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான்.

போன வாரம் மகனோடு வேலப்பன்சாவடிக்குப் போனேன். மூன்று மாதம் கழித்து. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. "எக்கா, சிக்கனா?" என்றார். எனக்கு முட்டைக்கோஸ் தண்ணீர் விடுகிறது, என்ன செய்வது என்று கேட்டேன். முதல்முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உப்பைக் கடைசியில் போடணும் என்றார். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். பின்னால் கூட்டம் நின்றது, கேட்கவில்லை. இன்னும் பாக்கி இருக்கிறது.

பெயரைக் கேட்டது மகன்தான். அவரும் சொன்னார். அதற்குப் பிறகு அவன் சைனா என்று கூப்பிடவில்லை, பெயரோடு அண்ணா சேர்த்துக் கூப்பிடுகிறான். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. உங்கள் தெருமுனையிலும் ஒரு வண்டி நிற்கும். நீங்களே போய்க் கேளுங்கள்.